பேலன்ஸ் வாடகை எங்கே மாட்டிக்கொள்கிறது?

லாரி வாடகை பாக்கி வைத்திருப்பவர் யாரும் என்னிடம் "தரமாட்டேன்" என்று சொன்னதில்லை. சொன்னால் எவ்வளவு வசதி! "பில்லே வரலையே சார்", "பி.ஓ.டி.யில சீல் தெரியல", "பார்ட்டி எங்களுக்கே இன்னும் போடல"... இப்படித்தான் வரும். (பி.ஓ.டி. என்பது சரக்கு வந்து சேர்ந்தது என்று இறக்கும் இடத்தில் கையெழுத்து வாங்கும் சீட்டு; பார்ட்டி என்றால் சரக்கு அனுப்பும் கம்பெனி.) ஒரே லாரி, ஓட்டுவதும் நானே. டீசலுக்கு அன்றைக்கே காசு, சுங்கச்சாவடியில் அந்த நிமிடமே காசு. வாடகை மட்டும் 60 நாள் கழித்து. என்னைவிடப் பல மடங்கு பெரிய கம்பெனிக்கு நான் வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சரக்கு இறக்கும் இடத்திலேயே பாதி வசூல் முடிந்துவிட வேண்டும் என்பது என் கட்சி. கேட்டில் செக்யூரிட்டி தன் ரிஜிஸ்டரில் வண்டி நுழைந்த நேரத்தை எழுதுவார். அதே நேரத்தை என் எல்.ஆர். (லாரி ரசீது) பின்பக்கமும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வேன். "எதுக்குண்ணே இதெல்லாம்?" என்பார். ஹால்டிங், அதாவது வண்டியைக் காக்க வைத்ததற்கான பணம், கேட்கும்போது அந்த ஒரு வரிதான் பேசும். இரவெல்லாம் வரிசையில் நின்றேன் என்று நான் வாயால் சொல்வதற்கு அங்கே மதிப்பில்லை.

இறக்கி முடித்ததும் பெயர், கையெழுத்து, தேதி, ஸ்டாம்ப், பெட்டி எண்ணிக்கை எல்லாம் பி.ஓ.டி.யில் இருக்க வேண்டும். சிலர் நைசாக "எண்ணிப் பார்த்தலுக்கு உட்பட்டது" என்று எழுதிவிடுவார்கள். அது போதும், பிறகு ஷார்டேஜ் என்று வாடகையில் பிடிக்க. அங்கேயே நின்று எண்ணச் சொல்கிறேன். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். டேமேஜ் இருந்தாலும் அப்படித்தான். "சில பெட்டிகள் நசுங்கின" என்று எழுத விடமாட்டேன். எத்தனை என்று எண் வேண்டும். அந்த "சில" அக்கவுண்ட்ஸ் மேஜைக்குப் போய்ச் சேர்வதற்குள் குட்டி போட்டுவிடும். வண்டியை எடுக்கும் முன்பே பி.ஓ.டி.யின் இரண்டு பக்கமும் நான்கு மூலையும் தெரிகிற மாதிரி போட்டோ. அன்று இரவே பில்லோடு மெயில். ஒரிஜினல் கூரியரில், கூரியர் ரசீது என் ஃபைலில்.

அப்புறம் போன். லோடு கொடுத்தவரைக் கூப்பிட்டுப் பயனில்லை. அவர் இனிமையாகப் பேசுவார், "நாளைக்குப் போட்டுடறோம் தம்பி" என்பார், அந்த நாளைக்கு வராது. பணம் போடுகிறவர் அக்கவுண்ட்ஸ் ஆள். கெடு முடியும் வரை காத்திராமல் ஒரு வாரம் முன்பே கூப்பிடுகிறேன். "பில் உங்க சிஸ்டத்துல ஏறிடுச்சா மேடம்? எந்தத் தேதி பேமெண்ட்ல இருக்கு?" கத்துவதில்லை. எதிரில் இருப்பவரும் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்தான். கத்தினால் என் பில் கட்டின் அடிக்குப் போகும். போனை வைத்ததும் ஒரு மெசேஜ்: "இன்று பேசியபடி வெள்ளிக்கிழமை பணம் வரும் என்று எடுத்துக்கொள்கிறேன்." வாய்ப்பேச்சு அதோடு எழுத்தாகிவிடுகிறது.

"பார்ட்டி தரல" என்கிற புரோக்கருக்கு என் பதில் ஒன்றுதான்: வாடகை பேசியது நீங்கள், கேட்பதும் உங்களிடம்தான். லோடு ஏற்றும் முன்பே யார் தருகிறார், எத்தனை நாளில், எத்தனை மணி நேரத்துக்கு மேல் ஹால்டிங் என்று எழுதி வாங்கியிருந்தால் இதைத் தைரியமாகச் சொல்லலாம். அதற்கும் மசியவில்லை என்றால் நோட்டீஸ் அனுப்பி, நகலைச் சரக்கு அனுப்பிய கம்பெனிக்கும் போடுவது வழக்கம். அதுவரை ஊரில் இல்லாதவர் திடீரென்று ஊருக்கு வந்துவிடுவார்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும்; தவறினால் வட்டி, அதுவும் கூட்டு வட்டி. அமெரிக்காவில் சரக்குப் புரோக்கர் 75,000 டாலருக்குப் பிணை வைத்தால்தான் தொழில் நடத்தலாம். வாடகை வராதவர் அதன் மேல் உரிமை கோரலாம். ஐரோப்பாவில் எல்லை தாண்டும் லோடுகளுக்கான 1956ஆம் ஆண்டு சி.எம்.ஆர். ஒப்பந்தப்படி வழக்குப் போடப் பொதுவாக ஒரு வருடம்தான் கெடு. பாக்கி பழசாகப் பழசாக, கேட்கும் உரிமையும் கரைந்துகொண்டே போகிறது.

பில்லை ஃபேக்டரிங் கம்பெனிக்கு விற்றுவிடலாமே என்பார்கள். ஒரு சில சதவீதம் கழித்துக்கொண்டு உடனே தருவார்கள். டீசலுக்கே திண்டாடும் மாதத்தில் அது உதவும்தான். ஆனால் பார்ட்டி தராவிட்டால் பணத்தை நம்மிடமே திருப்பிக் கேட்கும் ஒப்பந்தமும் உண்டு. அந்தப் பத்தியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தாமதமாகத் தந்தாலும் சொன்ன தேதியில் தருகிறவருக்கு நான் இன்னும் ஓட்டுகிறேன், வாடகையைக் கொஞ்சம் ஏற்றி. தேன் ஒழுகப் பேசி இழுத்தடிப்பவருக்கு இல்லை. அப்படி ஒருவர் இன்று காலையும் "அவசரம், வண்டி வேணும்" என்று மெசேஜ் போட்டிருந்தார். பழைய இரண்டு பில்லின் எண்ணை மட்டும் பதிலாக அனுப்பினேன். ப்ளூ டிக் வந்துவிட்டது. பணம் இன்னும் வரவில்லை.