காலபைரவர் வாசலில் காத்திருந்தபோது

தேய்பிறை அஷ்டமியன்று அதியமான்கோட்டைக்குப் போகாதீர்கள், கூட்டம் தாங்காது என்று தருமபுரியில் நான் தங்கியிருந்த வீட்டில் சொன்னார்கள். அன்றைக்குத்தானே பைரவருக்கு விசேஷம்! சேலம் சாலையில் ஏறக்குறைய 7 கிலோமீட்டர். பஸ்ஸை விட்டு இறங்கியதும் வரிசையின் வால் தெரிந்தது; தலை எங்கே என்று தெரியவில்லை.

வாசலில் சாம்பல் பூசணிக்காய்களைக் குவித்து வைத்திருந்தார்கள். இரண்டாக வெட்டி, விதையைச் சுரண்டி எடுத்து, குழியில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டால் அதுவே விளக்கு. நானும் ஒரு காய் வாங்கிக்கொண்டு நின்றேன். நல்ல கனம். அரை மணி நேரத்தில் கை மாற்றினேன். ஒரு மணி நேரத்தில் குழந்தையைப்போல இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

கோயிலைக் கட்டியவன் அதியமான், போருக்குப் புறப்படுமுன் வாளை பைரவர் முன் வைத்து வணங்குவான் என்பது ஊர் வழக்கு. எனக்கு முன்னால் நின்ற அம்மா அதைப் பேத்திக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். பின்னாலேயே நெல்லிக்கனிக் கதையும் வந்தது. தருமபுரியின் பழைய பெயரான தகடூர் என்றாலே நெல்லிக்கனிதான். தலைமைப் பண்பு பற்றிப் பயிற்சி வகுப்பு எடுப்பவர்களும் அதை விடுவதில்லை. பணிக்காலத்தில் நானே இரண்டு மூன்று முறை கேட்டுக் குறிப்பெடுத்திருக்கிறேன். உயர்ந்த கதைதான். ஆனால் வெயிலில் பூசணிக்காயோடு நிற்பவனுக்கு வேறு பாட்டு நினைவுக்கு வருகிறது.

புறநானூற்றின் 206-ஆம் பாட்டு. அதே அவ்வையார், அதே அதியமான் நெடுமான் அஞ்சி. பரிசில் தராமல் காலம் கடத்துகிறான். அவ்வையார் வாயில்காவலனைப் பிடித்துக்கொள்கிறார்: உன் தலைவனுக்குத் தன்னைத்தான் தெரியாதா, இல்லை என்னையும் தெரியாதா? கோடரியோடு காட்டுக்குப் போன தச்சன் பிள்ளைகளுக்கு மரத்துக்கா பஞ்சம்? எத்திசை சென்றாலும் அத்திசையில் சோறு உண்டு என்று சொல்லி, யாழையும் பையையும் கட்டிவிடுகிறார். 101-ஆம் பாட்டிலோ அதே அவர், எத்தனை நாள் எத்தனை பேரோடு போனாலும் முதல் நாள் விருப்பம் மாறாதவன் என்கிறார். அவன் பரிசில் தாமதமானாலும் யானை கொம்பிடையே வைத்த கவளம்போலத் தவறாது என்கிறார். அதியமானின் வாசலில் இந்த இரண்டையும் பாட முடிந்திருக்கிறது.

208-ஆம் பாட்டு இன்னும் கடுமை. குன்றும் மலையும் கடந்து வந்த பெருஞ்சித்திரனாரை நேரில் பார்க்காமலே பொருளைக் கொடுத்தனுப்புகிறான் அதியமான். காணாமல் தந்த பொருளை வாங்க நான் வாணிகப் பரிசிலன் அல்லன். தகுதி அறிந்து தந்தால் தினையளவும் இனிது என்கிறார் புலவர்.

1981-இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கண்டெடுத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் அஞ்சியின் பெயர் ஒற்றை வரியில் இருக்கிறது: துறவிகளுக்குப் படுக்கை 'ஈத்த' செய்தி மட்டும். வாசலில் நின்றவர்களின் கோபத்தைப் பாட்டுகள்தான் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

நான் வேலை பார்த்த அலுவலகத்திலும் என் அறைக்கு வெளியே பச்சை வர்ணம் அடித்த பெஞ்ச் ஒன்று இருந்தது. உள்ளே நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாலும், வெளியே 'ஐயா கூட்டத்தில் இருக்கிறார்' என்று சொல்லப்படும். ஒரு பெரியவர் சான்றிதழுக்காக மூன்று நாள் வந்தார். மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டு உதவியாளரிடம் கொடுத்தனுப்பினேன். வேலையை முடித்துவிட்ட நிம்மதி எனக்கு. 'வாங்கிக்கொண்ட பிறகும் போகவில்லை, சார். வெகுநேரம் உட்கார்ந்தே இருந்தார். உங்களிடம் ஏதோ சொல்ல வேண்டுமாம்' என்று மாலையில் உதவியாளர் சொன்னார். பாட்டுப் பாட அந்தப் பெஞ்சில் யாருக்கும் வசதியில்லை.

ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு சன்னதி. உள்ளே எண்ணெய்ப் புகை, அரளி வாசம், பைரவரின் விரிந்த கண்கள். பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பெரியவருக்காக ஓர் அர்ச்சனை செய்துவிடுவோம் என்று தட்டை நீட்டினேன்.

"பேர் சொல்லுங்க."

சான்றிதழில் நான் கையெழுத்துப் போட்ட இடம் நினைவுக்கு வந்தது. அதற்கு மேலே இருந்த பெயர் வரவில்லை. அர்ச்சகர் இன்னொரு முறை கேட்டார். என் பெயரையே சொன்னேன்.