புடோகுடென் மண்டபத்தில் ஒரு மே மாதம்

மே மாதத் தொடக்க விடுமுறையில் ஜப்பானில் எல்லாரும் எங்காவது கிளம்பிவிடுவார்கள். நான் ஒசாகாவிலிருந்து கெய்ஹான் ரயில் பிடித்து, கியோத்தோவில் ஜிங்கு-மருதமாச்சி நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து கிழக்கே கால்மணி நேர நடை. ஹெயான் கோயிலுக்கு அருகில், 1899-இல் கட்டிய புடோகுடென் என்ற மர மண்டபம் இருக்கிறது. மூங்கில் வாளால் மோதும் ஜப்பானியக் கலையான கெண்டோ பழகுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய இடம் கிடையாது. மூத்த ஆசிரியர்கள் ஆண்டுதோறும் மே மாதத்தில் இங்கே கூடி, இருவர் இருவராக வாள்வீசிக் காட்டும் விழாவைப் பார்க்கத்தான் போனேன்.

எனக்கு இலையுதிர் காலத்தில் நான்காம் டான், அதாவது நான்காம் படித்தரத் தேர்வு வருகிறது. மூன்றாம் டான் வாங்கி மூன்று ஆண்டு ஆன பிறகுதான் அதற்கு நிற்க முடியும். அடுத்ததற்கு நான்கு ஆண்டு, ஆறாவதற்கு ஐந்து, ஏழாவதற்கு ஆறு. எட்டாம் டானுக்கோ ஏழாவது வாங்கிப் பத்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும், வயதும் 46 ஆகியிருக்க வேண்டும். அப்புறமும் நூறு பேர் போனால் ஒருவர் தேறுவதே அரிது.

மூன்றாம் டான் வரை உடை, வணக்கம், நிற்கும் விதம், அடியின் திருத்தம், உள்ளே இருக்கும் வீறு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். நான்காவதிலிருந்து, கற்ற அடிப்படை மோதலில் கைகொடுக்கிறதா, பயிற்சி எவ்வளவு ஊறியிருக்கிறது, ஆட்டம் யார் கையில் இருக்கிறது என்பதையும் எடை போடுகிறார்கள். "ஜெயித்துவிட்டு அடியுங்கள்" என்று எங்கள் ஆசிரியர் அடிக்கடி சொல்வார். அது கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

தரையோரம் இடம் கிடைத்தது. எழுபது வயதைத் தாண்டியவர் போலத் தெரிந்த இருவர் குந்தி வணங்கி எழுந்தார்கள். மூங்கில் வாள்களின் நுனிகள் ஒன்றையொன்று லேசாகத் தொட்டன. வெகுநேரம் அடியே விழவில்லை. வலப்பக்கம் நின்றவர் பாதத்தைத் தரையோடு தேய்த்துக் கொஞ்சம் முன்னே வந்தார், அவ்வளவுதான். எதிரே இருந்தவரின் வாள்நுனி ஒரு விரற்கடை மேலே போனது. அடுத்த கணம் தலைக்கவசத்தில் அடி விழுந்த ஓசை, குரல், பலகையில் கால் அறைந்த ஓசை மூன்றும் ஒன்றாகக் கேட்டன. அடித்தவர் கடந்துபோய்த் திரும்பி, மறுபடி தாக்கத் தயாராக வாளை நீட்டி நின்றார். அந்த விழிப்பு இல்லாவிட்டால் அடி செல்லாது. போட்டியில் யாராவது கையை உயர்த்திக் கொண்டாடினால் நடுவர்கள் கொடுத்த புள்ளியையே திரும்ப எடுத்துவிடுவார்கள். எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த விதி இதுதான்.

ஊர் திரும்பிய பிறகு என் பயிற்சியின் போக்கு மாறிவிட்டது. அடிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டேன். நுனி தொடும் தூரத்தில் நின்று, எதிராளி அசையும்வரை மூச்சை அடிவயிற்றில் வைத்துக் காத்திருக்கிறேன். இதற்கு வேகத்தைவிடத் தைரியம் அதிகம் வேண்டும். பயிற்சிக்கு முன் வாளின் நான்கு மூங்கில் பட்டைகளையும் விரலால் தடவிப் பார்ப்பதிலும் அவசரப்படுவதில்லை. ஒரு சிம்பு பிரிந்திருந்தால் எதிராளியின் கவசக் கம்பிகளுக்கு ஊடே கண்ணில் பாயலாம்.

எழுத்துத் தேர்வுக்குப் படிக்கிறேன், அது சரியாகிவிடும். மர வாள் கொண்டு இருவர் செய்யும் கட்டா என்ற வரையறுத்த அசைவு வரிசைதான் நேரம் கேட்கிறது. நீள வாளில் ஏழு, குறு வாளில் மூன்று, ஆக மொத்தம் பத்தும் வேண்டும். குறு வாளில் எதிராளிக்கு மிக அருகில் போக வேண்டியிருப்பதால் கால் தயங்குகிறது. மருதமாச்சித் தெருவில் கெண்டோ சாமான் விற்கும் கடை ஒன்று உண்டு. வரும் வழியில் அங்கே நுழைந்து ஒரு குறு வாள் வாங்கினேன். இப்போது வாரக் கடைசிகளில் மன்றத் தோழி ஒருவர் நீள வாளைப் பிடிக்க, நான் அந்த மூன்றையும் பழகிவருகிறேன்.