அசோகர் ஓராண்டு சும்மா இருந்தார்: தில்லியில் ஒரு பௌத்த யாத்திரை

தில்லியில் பௌத்தத்தை அறியத் தொடங்குகிறவர் முதலில் எங்கே போவது என்று கேட்டால், நான் விகாரையையோ புத்தகக் கடையையோ சொல்வதில்லை. தென் தில்லியில், கல்காஜி கோயிலுக்கும் இஸ்கான் கோயிலுக்கும் அதிகத் தொலைவில்லாத ஓரிடத்தில், கான்கிரீட் கூரையின்கீழ்ச் சாய்ந்து கிடக்கும் ஒரு பாறையைத்தான் சொல்வேன். 1966ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட அந்தப் பாறையில் அசோகரின் சிறு பாறைக் கல்வெட்டு ஒன்று பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கல்காஜி அம்மனைத் தரிசிக்கப் போகிற கூட்டத்தில் இந்தப் பக்கம் திரும்புகிறவர்கள் மிகக் குறைவு.

மேற்படிப்புக்காகத் தஞ்சாவூரிலிருந்து தில்லிக்கு வந்திருக்கும் என் அண்ணன் மகன், ஞாயிற்றுக்கிழமைகளில் ராமகிருஷ்ணபுரத்திலுள்ள எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். மலைமந்திரில் முருகனைத் தரிசித்துவிட்டு வந்த ஒரு நாள், "அத்தை, புத்தரைப் பற்றிப் படிக்கலாம் என்று பார்த்தால் தேரவாதம், மகாயானம், வஜ்ரயானம் என்று பிரிந்துகொண்டே போகிறது. எதைப் பிடிப்பது என்றே தெரியவில்லை," என்றான். பிரிவைத் தேர்ந்தெடுப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, அடுத்த விடுமுறையில் அவனை அந்தப் பாறைக்குத்தான் அழைத்துச் சென்றேன்.

எழுத்துகள் தேய்ந்திருக்கின்றன. கீழடிப் பானையோடுகளின் படங்களைப் பார்த்துப் பழகியிருந்தவன் என்பதால், கூட்டல் குறி வடிவில் இருக்கும் ககரத்தைத் தேடிக்கொண்டு அவன் வேலியோரமாகவே நின்றான். நான் அந்தச் செய்தியின் சாரத்தைச் சொன்னேன். இரண்டரை ஆண்டுகளுக்கும் மேலாகத் தாம் உபாசகராக, அதாவது இல்லறத்தில் இருந்தே பௌத்தத்தைப் பின்பற்றுகிறவராக, இருந்துவருவதாகவும், ஆயினும் ஓராண்டுக் காலம் பெரிதாக முயற்சி எதுவும் செய்யவில்லை என்றும், பிக்குகளின் சங்கத்தை அணுகிய பிறகுதான், அதாவது ஓராண்டுக்கும் மேலாகத்தான், ஊக்கத்தோடு முயன்றுவருவதாகவும் பேரரசர் ஒருவர் ஊரறியக் கல்லில் வெட்டிவைக்கிறார். இந்த முயற்சியின் பயன் பெரியவர்களுக்கு மட்டும் உரியதன்று, எளியவரும் முயன்றால் பெரிய சுவர்க்கத்தை அடையலாம் என்றும் சேர்த்துக்கொள்கிறார். தம் பக்தியின் பெருமையைப் பாடாமல், தாம் சும்மா இருந்த ஓராண்டையும் கணக்கில் எழுதிய அரசரை நான் வேறெங்கும் கண்டதில்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு வேண்டிய இரண்டு செய்திகள் இதில் இருக்கின்றன: ஆர்வம் வந்தவுடன் பயிற்சி வந்துவிடுவதில்லை, அந்த இடைவெளியை நிரப்பியது நூலன்று, பயில்கிறவர்களின் அண்மை.

நூலே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கும் அசோகரே வழிகாட்டுகிறார். ராஜஸ்தானத்தில் பைராட் என்னுமிடத்தில் கிடைத்து, இப்போது கொல்கத்தாவில் ஆசியக் கழகத்தில் இருக்கும் மற்றொரு கல்வெட்டில், புத்தம், தம்மம், சங்கம் ஆகிய மூன்றிடமும் தமக்குள்ள மதிப்பைச் சொல்லிவிட்டு, பிக்குகளும் பிக்குணிகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்டுச் சிந்திக்க வேண்டிய ஏழு பகுதிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறார். அவற்றுள் ஒன்று, பொய் சொல்வது குறித்துப் புத்தர் தம் மகன் ராகுலனுக்குச் சொன்ன அறிவுரை. பாலி நூல் தொகுப்பான மச்சிம நிகாயத்தில் உள்ள அந்தச் சுத்தத்தைத்தான் (சுத்தம் என்றால் புத்தரின் உரை) முதலில் படிக்கும்படி என் மருமகனிடம் சொன்னேன். கால் கழுவிய பாத்திரத்தில் கொஞ்சம் நீரை மிச்சம் வைத்து, அதைக் கொட்டி, பாத்திரத்தைக் கவிழ்த்து, மறுபடி நிமிர்த்தி அதன் வெறுமையைக் காட்டி, அறிந்தே பொய் சொல்லக் கூசாதவனின் துறவு இப்படித்தான் என்கிறார் புத்தர். பிறகு, கண்ணாடி எதற்கு என்று கேட்கிறார். பார்த்துக்கொள்வதற்கு என்கிறான் சிறுவன். அதுபோலவே ஒரு செயலைச் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்த பின்னும் அது எனக்கோ பிறர்க்கோ துன்பம் தருமா என்று பார்த்துக்கொள் என்று முடிக்கிறார். பௌத்தத்தின் அடிப்படைகளான நால்வகை வாய்மைகளையும் எண்வழிப்பாதையையும் மனப்பாடம் செய்வதற்கு முன் இதைப் படிக்கிறவருக்கு, அவை எங்கே வந்து பொருந்துகின்றன என்பது தானாகவே விளங்கும் என்பது என் கருத்து.

பாறையிலிருந்து ஜன்பத்திலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனோம். (திங்கட்கிழமை மூடியிருக்கும், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மறந்துவிடக் கூடாது.) உத்தரப் பிரதேசத்தின் பிப்ரஹவாவில் 1971 முதல் 1977 வரை நடந்த அகழாய்வில் வெளிப்பட்ட, புத்தருடையவையாகக் கருதப்படும் எலும்புத் துண்டுகள், தாய்லாந்து அன்பளிப்பாக அளித்த பொன்முலாம் பூசிய மண்டபத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. மற்ற கூடங்களில் சிலைகளுக்குக் காலமும் கல்வகையும் எழுதிய அட்டைகளைப் படித்துக்கொண்டே நடக்கிறோம். இங்கே வந்ததும் தரையில் நெற்றிபட வணங்குகிறவர்களைப் பார்க்கிறோம். தேரவாத நாட்டு யாத்திரிகர்கள் சிலர் பாலியில் ஓதிக்கொண்டிருந்ததைக் கேட்டு நாங்களும் ஓரமாக உட்கார்ந்தோம்.

யாத்திரையின் நடுப்பகுதி மந்திர் மார்க். பிர்லா மந்திர் என்று எல்லோரும் அறிந்த லட்சுமி நாராயணர் கோயிலை ஒட்டியே மகாபோதி சங்கத்தின் புத்த விகாரை இருக்கிறது. இலங்கையின் அநகாரிக தர்மபாலர் 1891இல் தொடங்கிய சங்கம் அது. பக்கத்துக் கோயிலின் மணியோசையும் கூட்டமும் இங்கே கொஞ்சம் தணிந்து விடுகின்றன. காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போய், மூன்று முறை வணங்கி, காலைப் புத்தரை நோக்கி நீட்டாமல் உட்கார்ந்துகொள்வது போதும். புதியவர் என்று யாரும் விலக்குவதில்லை. தேரவாத மரபின் பிக்குகள் நண்பகலுக்குப் பின் உணவு கொள்வதில்லை என்பதால், தானமாக உணவு கொண்டுபோகிறவர்கள் முற்பகலிலேயே போய்விட வேண்டும். பிக்குவைப் 'பந்தே' என்று அழைப்பதே மரபு.

வழிபாடு எளியது. "நமோ தஸ்ஸ பகவதோ அரஹதோ சம்மாசம்புத்தஸ்ஸ" என்று மூன்று முறை சொல்லி, புத்தம், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளையும் சரணடைந்து, கொல்லாமை, கொடுக்கப்படாததை எடுக்காமை, தகாத காமம் தவிர்த்தல், பொய்யாமை, கள்ளுண்ணாமை ஆகிய ஐந்து சீலங்களையும் ஏற்கிறார்கள். என் மனத்தைத் தொட்டது மலர் படைக்கும்போது சொல்லும் பாலிச் செய்யுள்தான். இந்த மலர் வாடுவதுபோலவே என் உடலும் அழிவை நோக்கிப் போகிறது என்பது அதன் பொருள். சந்நிதியில் பூக்கூடையை நீட்டி, பெயர் நட்சத்திரம் சொல்லி வேண்டிக்கொண்டே வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு, எதையும் கேட்காமல் பூவின் வாட்டத்தைப் பார்ப்பதே பூசையாவது முதலில் அந்நியமாகத்தான் தோன்றும். இரண்டு விதமான பக்தியும் எனக்குள் இப்போது பகையின்றி இருக்கின்றன.

அவன் அன்று கேட்க நினைத்த கேள்வியும் இதுதான். வழிபாடு முடிந்தபின் பெரிய பிக்குவிடம் தயக்கத்தோடு இந்தியில் கேட்டான்: "எங்கள் குலதெய்வத்தையும் முருகனையும் கும்பிடுகிறோம், பந்தே. இங்கே வருவதானால் அதை விட வேண்டுமா?" அவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை, உபாலியின் கதையைச் சொன்னார். நாளந்தாவைச் சேர்ந்த உபாலி என்ற செல்வர் நிகண்டர்களின், அதாவது சமணர்களின், அடியவர். புத்தரோடு வாதிட்டு வெல்லப் போனவர், பேச்சின் முடிவில் அவரையே சரணடைய முற்பட்டார். அப்போது புத்தர், நன்றாக ஆராய்ந்து முடிவெடுங்கள், உங்களைப் போன்றவர்கள் ஆராய்வதே நல்லது என்றார். மேலும், உங்கள் வீடு நெடுங்காலமாக நிகண்டர்களுக்கு நீர்த்துறையாக இருந்துவருகிறது, அவர்கள் வந்தால் உணவிட மறுக்காதீர்கள் என்றும் சொன்னாராம். இதைச் சொல்லிவிட்டுப் பிக்கு, அடுத்த பௌர்ணமிக்கும் வாருங்கள் என்று மட்டும் சொல்லி எழுந்துவிட்டார்.

தமிழருக்கு இந்த மனப்பாங்கு புதிதன்று. மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டறிந்த பிறகே காஞ்சியில் அறவண அடிகளிடம் தருமம் கேட்கிறாள். கேட்டவற்றையெல்லாம் அவள் ஏற்கவில்லை. ஆனால் கேளாமல் எதையும் தள்ளவில்லை.

ஆனால் இந்த நகரத்திலேயே இன்னொரு வாசலும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சிவில் லைன்ஸ் பகுதியில் 26, அலிப்பூர் சாலை என்ற முகவரியில் இருந்த வீட்டில்தான் 1956ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அம்பேத்கர் மறைந்தார். பழைய வீடு இப்போது இல்லை. அவ்விடத்தில் திறந்த புத்தக வடிவில் கட்டிய நினைவகம் 2018இல் திறக்கப்பட்டது. மறைவுக்கு இரு மாதங்களுக்குள், அக்டோபர் 14ஆம் நாள், நாகபுரியில் பர்மியப் பிக்கு சந்திரமணியிடம் மும்மணிகளையும் ஐந்து சீலங்களையும் ஏற்ற அவர், தம்மைப் பின்தொடர்ந்த லட்சக்கணக்கானோருக்கு இருபத்திரண்டு உறுதிமொழிகளை அளித்தார். பழைய தெய்வங்களை வணங்க மாட்டேன் என்பது அவற்றுள் வெளிப்படையாகவே உண்டு. மந்திர் மார்க்கில் கேட்ட விடையும் அலிப்பூர் சாலையில் படிக்கும் விடையும் ஒன்றல்ல. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்த உறுதிமொழி விடுதலையாக இருந்தது. வாசல் எப்போதும் திறந்திருந்த வீட்டில் பிறந்த நான், இரண்டையும் சமரசப்படுத்திப் பேசுவது எளிது என்பதாலேயே அப்படிப் பேசக் கூடாது என்று நினைக்கிறேன்.

நினைவகத்தில் நடந்தபோது தமிழ்நாட்டுக் கதையையும் அவனுக்குச் சொன்னேன். நாகபுரிக்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே, 1898இல், அயோத்திதாசப் பண்டிதர் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்று, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். கோலார் தங்கவயல் வரை அதன் கிளைகள் பரவின. அந்த வட்டத்தைச் சேர்ந்த அறிவியல் பேராசிரியர் இலட்சுமி நரசு பௌத்தத்தின் சாரம் பற்றி ஆங்கிலத்தில் எழுதி 1907இல் வெளியிட்ட நூலுக்கு, 1948இல் வந்த பதிப்பில் அம்பேத்கரே முன்னுரை எழுதினார். தஞ்சாவூர்ப் பள்ளியில் இதையெல்லாம் யாரும் சொல்லவில்லையே என்று அவன் வியந்தான்.

மஜ்னு கா டீலாவைப் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. திபெத்திய அகதிகளின் குடியிருப்பு அது. மடாலயத்தை வலமாகச் சுற்ற வேண்டும். பிரார்த்தனை உருளைகளையும் வலஞ்சுழியாகவே உருட்ட வேண்டும். துக்பா என்ற நூடுல்ஸ் சூப் சூடாகக் கிடைக்கும். திபெத்திய மரபை முறையாகக் கற்க விரும்புகிறவர்கள், 1965இல் தலாய் லாமா லோதி சாலையில் நிறுவிய திபெத் ஹவுஸில் நடக்கும் வகுப்புகளை விசாரிப்பதே நல்லது.

தியானத்தைப் பொறுத்தவரை, தில்லிவாசிகளுக்குக் கொஞ்சம் பெருமைப்பட இடமுண்டு. மனக்கவனத்தை நிலைநிறுத்தும் பயிற்சியைச் சொல்லும் சதிபட்டான சுத்தம் குரு நாட்டில், கம்மாசதம்மம் என்ற ஊரில் உபதேசிக்கப்பட்டது. குரு நாடு என்பது இன்றைய தில்லியும் ஹரியானாவும் சேர்ந்த நிலப்பகுதி. அந்நாட்டவர் தண்ணீர்த் துறையிலும் நெசவுக்கூடத்திலும்கூட ஒருவரையொருவர் பார்த்து, அம்மா, நீ எந்தச் சதிபட்டானத்தைப் பயில்கிறாய் என்று கேட்டுக்கொள்வார்கள் என்றும், எதுவும் இல்லை என்றால் கடிந்துகொள்வார்கள் என்றும் பழைய உரை கூறுகிறது. பிக்குணிகளின் மடத்தில் வளர்ந்த கிளி ஒன்றுக்கு 'எலும்பு, எலும்பு' என்று சிந்திக்கக் கற்றுக்கொடுத்தார்களாம். பருந்து தூக்கிச் சென்று, இளம் பிக்குணிகள் கூச்சலிட்டு மீட்டபின், தூக்கிப்போகும்போது என்ன நினைத்தாய் என்று கேட்டதற்கு, எலும்புக்கூடு ஒன்று எலும்புக்கூடு ஒன்றைச் சுமந்துபோகிறது என்று நினைத்தேன் என்றதாம் கிளி. உரையாசிரியர்களுக்கும் நகைச்சுவை உண்டு.

சோகனா அருகிலும், கம்மாசதம்மமாகச் சிலர் கருதும் சோனிபத் பக்கத்துக் கம்மாஸ்பூரிலும் எஸ்.என். கோயங்கா கற்பித்த மரபின் விபாசனா தியான மையங்கள் இருக்கின்றன. பத்து நாள் பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது. முடித்தவர்கள் விரும்பினால் அடுத்து வருகிறவர்களுக்காக நன்கொடை தரலாம். அதிகாலை 4 மணிக்கு எழ வேண்டும், பேசக் கூடாது, கைபேசியை ஒப்படைத்துவிட வேண்டும், இடையில் கிளம்பக் கூடாது. ஆர்வம் பொங்கும்போது முதல் காரியமாக இதற்கு விண்ணப்பிக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. தினமும் கால்மணி நேரம் மூச்சைக் கவனித்து உட்காரவும், ஒரு சீலத்தையாவது மாதக்கணக்கில் காத்துப் பார்க்கவும் பழகிய பின் போனால், அந்தப் பத்து நாட்களும் தண்டனையாகத் தோன்றாது.

மருமகன் பொய்யாமையை எடுத்துக்கொண்டிருக்கிறான். ஆய்வு வழிகாட்டியிடம் அத்தியாயம் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாமல் போனதே அதில் பெரிய சிரமம் என்கிறான். பௌர்ணமிகளில் மந்திர் மார்க்குக்குப் போய்வருகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் மலைமந்திரும் தொடர்கிறது.