நுனி வளையம் தாங்கிவிட்டது, இனி அந்தமான்

பழைய பாப்பிங் ராடின் (மிதக்கும் செயற்கை இரையை வீசி மீன் பிடிக்கும் தூண்டில் கோல்) முனையை வேண்டுமென்றே நாலு விரற்கடை வெட்டிவிட்டு, லைன் வெளியேறும் புது நுனி வளையம் ஒட்டி, நேற்று சாயங்காலம் கடலூர் தேவனாம்பட்டினம் கரையில் 120 கிராம் பாப்பரை, அதாவது அந்த இரையை, தோள் கழன்றுபோகும் அளவுக்கு வீசிப் பார்த்தேன். வளையம் அசையவில்லை, திரும்பவும் இல்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "ஒண்ணும் மாட்டலையே தம்பி, இன்னும் எதுக்கு எறியறே?" என்றார். ஒட்டு நிற்கிறதா என்று பார்க்கிறேன் என்று சொன்னேன். பாவம், என்ன நினைத்தாரோ.

மான், முயல் வேட்டைக்கெல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பூட்டுப் போட்டுவிட்டது. நமக்கு மிச்சம் கடல்தான். இந்த முறை குறி ஜிடி (ஜெயண்ட் ட்ரெவலி), அதாவது பெரும்பாறை மீன். அந்தமானுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. (போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது 2024இல். என் வாய்க்கு இன்னும் பழகவில்லை.)

உபரி ரீல், உபரி ஸ்பூல், ஸ்பிளிட் ரிங் எல்லாம் நீங்களே எடுத்து வைப்பீர்கள், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஆனால் எல்லாவற்றையும் இரண்டிரண்டாகக் கட்டினால் செக்-இன் 15 கிலோ, ராடுகளை வைத்துக் கொண்டுபோகும் பைப்புக்கே போதாது. உப்பனாற்று முகத்துவாரத்தில் கொடுவா மீனுக்குத் தூண்டில் போடும்போது ராடு உடைந்தால் பைக்கை எடுத்து ஓ.டி. (கடலூர் ஓல்டு டவுன்) வந்து வேறொன்றை எடுத்துக்கொண்டு போகலாம். அங்கே படகில் நின்றுகொண்டு எந்தக் கடைக்குப் போவது? அதனால்தான் எடை இல்லாத, ஆனால் அது இல்லாமல் போனால் நாளே வீணாகிற பொருள் எது என்று யோசித்தேன். நுனி வளையம்தான். படகு ஓரத்தில் ஒரு இடி பட்டு உள்ளே இருக்கும் சிலிக்கான் கார்பைடு வட்டத்தில் மயிரிழை விரிசல் விழுந்தால் போதும், அடுத்த வீச்சிலேயே பிரெய்டு (பின்னல் லைன்) அறுந்து பாப்பர் பறந்துவிடும். விரிசல் கண்ணுக்கும் தெரியாது. பஞ்சை உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றினால் இழை சிக்கும், அதுதான் சோதனை.

வாங்குவதில் ஒரு நுணுக்கம் உண்டு. முனை அப்படியே இருந்து வளையம் மட்டும் போனால் அதே அளவு போதும். முனையோடு முறிந்தால் மிச்சமுள்ள பிளாங்க் (ராடின் கார்பன் தண்டு) தடிமனாக இருக்கும், பழைய வளையத்தின் குழாய் ஏறாது. அதனால் குழாய் அளவில் ஒவ்வொரு படி கூடுதலாக நான்கு வளையங்கள் எடுத்துக்கொண்டேன். இடைப்பட்ட அளவுக்குத் தையல் நூலை நெருக்கமாக ஒரு சுற்று சுற்றினால் சரியாக உட்காரும்.

சிக்கல் எல்லாம் பசையில்தான். சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். வளையத்தை நேர்ப்படுத்துவதற்குள் பாதியிலேயே பிடித்துக்கொள்ளும், அதிர்ச்சி தாங்காமல் பொடிந்தும் போகும். இரண்டு டியூப் எபாக்ஸி நன்றாக நிற்கிறது, ஆனால் அடுத்த முறை கழற்ற வேண்டுமென்றால் கார்பனே சுடும் அளவுக்குக் காய்ச்ச வேண்டும். கிளூ கன்னில் போடும் 7 எம்எம் குச்சி சுலபம் என்று அதையும் முயன்றேன். ஒட்டிவிட்டு, உச்சி வெயிலில் மொட்டை மாடிக்கு ராடைக் கொண்டுபோய், லைனை வளையங்கள் வழியாக விட்டு 5 லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வளையம் மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பிவிட்டது. கறுப்பு கார்பன் வெயிலை எப்படி உறிஞ்சும் என்று சொல்லவா வேண்டும்? அந்தமான் வெயிலிலும் இதேதான் நடக்கும்.

கடைசியில் கைகொடுத்தது ராடு கட்டுபவர்கள் பயன்படுத்தும் ஃபெரூல் சிமென்ட். குச்சியாகத்தான் வரும், ஆனால் உருக அதிகச் சூடு வேண்டும். சூட்டைக் காட்ட வேண்டியது வளையத்தின் உலோகக் குழாய்க்குத்தான், பிளாங்கிற்கு அல்ல. நெருப்பு கார்பனில் பட்டால் பிசின் இளகி, ஒட்டிய இடத்துக்குக் கீழேயே முறியும். குழாயைக் கொறடால் பிடித்துக் காய்ச்சி, குச்சியை அதில் தொட்டு உருக்கி, முனையில் நுழைத்து, அடியிலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்ற வளையங்களின் வரிசையில் சேர்க்க வேண்டும். பத்து வரை எண்ணுவதற்குள் முடித்தாக வேண்டும். அப்புறம் பிதுங்கி நிற்பதை நகத்தால் கிள்ளி எடுத்தால் தீர்ந்தது. உடைந்த முனையைக் கொறடால் வெட்டாதீர்கள், நார் நசுங்கும். எமரி தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் வெட்டும் சுத்தமாக இருக்கும், தூசும் பறக்காது. கார்பன் தூசு தோலில் பட்டால் இரண்டு நாளைக்கு அரிக்கும்.

காய்ச்ச லைட்டர் வேண்டும், ஆனால் அதை விமானத்தில் எந்தப் பையிலும் விட மாட்டார்கள். இறங்கியதும் ஒரு பெட்டிக்கடையில் வாங்கிக்கொள்ள வேண்டும். காற்றில் அணையாமல் இருக்க ஒரு பழைய பால் டின்னின் அடியை வெட்டி மறைப்பு செய்து வைத்திருக்கிறேன். பவர் பேங்க் மட்டும் கைப்பையில்.

ராடு வைக்கும் பைப் வாங்க லாரன்ஸ் ரோடு போனேன். 75 எம்எம்மில் நாலு கிலோ பிரஷர் பைப் (கிலோ என்பது தாங்கும் அழுத்தம், குறைந்தால் பைப் மெல்லிசு) கேட்டால், "ஆறு கிலோ எடுங்க சார், ஸ்ட்ராங்கு" என்கிறார்கள். சார், இது தண்ணீர் ஓடுவதற்கு இல்லை, எடையைக் குறைப்பதற்கு என்று விளக்குவதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. கடைசியில் வேறொரு கடையில் கிடைத்தது. மூடி வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எப்படியும் புதுச்சேரி காந்தி வீதி சந்தைக்குப் போவேன், ராடு சுற்ற பழைய யோகா பாய் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். மூடியையும் வரும் வழியில் வாங்கிவிடலாம்.

லீடர் (லைன் முனையில் கட்டும் தடித்த லைன்) முடிச்சு இன்னும் பாக்கி. பிரெய்டோடு லீடரை இணைக்கும் எஃப்ஜி முடிச்சைப் படகில் நின்று போடுவது எனக்குப் பிடிக்காத வேலை, அதனால் உபரி ஸ்பூலில் லீடரை இங்கேயே கட்டிக்கொண்டு போவதாகத் திட்டம். அதற்குள் மச்சான், "ஜிக்கிங் செட்டும் எடுத்துக்கலாமா?" (ஆழத்தில் உலோக இரையை ஏற்றி இறக்கிப் பிடிப்பது) என்று ஆரம்பித்துவிட்டான். எடைத் தராசைக் கொண்டு வா, அப்புறம் பேசலாம் என்றிருக்கிறேன்.