ஆட்கள் தேவையாம்

ரயிலில் கதவோரம் நசுங்கி நின்ற என் கண்ணுக்கு நேராக ஒட்டியிருந்தது ஒரு விளம்பரம். பயணிகள் கூடிவிட்டார்களாம், ரயில் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் தேவையாம்.

கூடிவிட்டதை விளம்பரம் போட்டா சொல்ல வேண்டும்? என் காலை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தார்.

தகுதிகளில் ஒரு வரி: நிறங்களைப் பிரித்தறியும் பார்வை.

அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1875-ல் ஸ்வீடனின் லாகர்லுண்டாவில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. ஊழியருக்கு நிறக்குருடு இருந்திருக்கலாம் என்று சந்தேகப்பட்ட ஹோல்ம்கிரென் என்ற உடலியல் பேராசிரியர், ரயில்வே ஆட்களிடம் வண்ணக் கம்பளி நூல்களைக் கொடுத்து, ஒரே சாயலில் இருப்பதைப் பொறுக்கச் சொன்னார். அவ்வளவுதான் சோதனை. பல நாடுகள் அதைப் பின்பற்றின.

சரி, கண் தேறினாலும் உடனே ரயிலைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். எந்த சிக்னல் எங்கே, எந்த வளைவில் என்ன வேகம், எந்த இறக்கத்தில் எப்போது பிரேக் என்று தடத்தையே மனதில் ஏற்ற வேண்டும், அதுவும் மூத்த ஓட்டுநர் பக்கத்தில் இருந்து சொல்லித்தர.

கூட்டம் பிதுங்கிய பிறகா ஆள் தேடுவது? அந்த மூத்தவர்கள் ஓய்வு பெறுவதற்கு முன்பாவது எடுத்து முடித்தால் சரி.