மாடியில் வைக்காதீர்கள்: நாகைக் கடலோரத்தில் வீட்டுக் காற்றாலை போட்ட அனுபவம்

திருப்பூண்டிக்குத் தெற்கே, வேதாரண்யம் சாலையை ஒட்டி எங்கள் வீடு. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, போன் சார்ஜ் போடக்கூட ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வீட்டில் வரிசையில் நின்றோம். அப்புறம் சோலார் போட்டோம், நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் நாள் முழுக்க வெயிலே இருக்காது, அந்த நேரத்தில்தான் கொண்டலும் வாடையும் விடாமல் வீசும். அந்தக் காற்றில் ராத்திரிக்கு நாலு விளக்கும் ஒரு ஃபேனும் ஓடினால் போதும், அதற்காகத்தான் வீட்டுக் காற்றாலையில் இறங்கினோம்.

விசாரித்த இடங்களில் எல்லாம் மொட்டை மாடியைத்தான் காட்டினார்கள். ஒருவர் 1 கிலோவாட் இயந்திரம், 24 மணி நேரம், ஆக நாளைக்கு 24 யூனிட் என்று எழுதியே கொடுத்தார். இது மக்களை ஏமாற்றுகிற கணக்கு. அந்த 1 கிலோவாட் என்பது விநாடிக்கு 11, 12 மீட்டர் வேகத்தில் காற்று அடிக்கும்போது வருவது, அதாவது மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல். காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். 2 மீட்டர் குறுக்களவுள்ள இறக்கை வட்டத்தில் விநாடிக்கு 4 மீட்டர் காற்று புகுந்தால் அதில் இருப்பதே 115 வாட் அளவுதான். அதிலும் 59 சதவீதத்துக்கு மேல் எந்த இறக்கையாலும் எடுக்க முடியாது, இதை ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மன்காரர் நூறு வருஷத்துக்கு முன்பே நிறுவிவிட்டார். சின்ன இயந்திரம் நமக்குத் தருவது 30 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் எதையும் வாங்குவதற்கு முன் காற்றை அளந்தோம். கிண்ணம் சுற்றுகிற காற்றுமானி ஒன்றை மாடியிலும், இன்னொன்றைக் கொல்லைக்குப் பின்னால் வயல் ஓரத்தில் உயரமான ஜி.ஐ. பைப்பிலும் கட்டி, ஆடி முதல் தை வரைக்கும் பதிவு செய்தோம். வயல் கம்பத்தில் இருந்த வேகத்தில் பாதிதான் பெரும்பாலும் மாடியில். சுவரில் மோதி, தென்னையில் சிக்கி, சுழன்று சுழன்று வருகிற காற்று அது. இறக்கை திசை தேடித் திரும்பிக்கொண்டே இருக்கும், பேரிங் தேயும், அதிர்வு கூரைக்குள் இறங்கும். சுற்றிலும் 150 மீட்டருக்குள் இருக்கிற மரம், கட்டடம் எல்லாவற்றையும்விட 10 மீட்டராவது உயரமாக இறக்கை இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அளந்து பார்த்தபிறகு அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் செலவில் பெரும்பகுதி கம்பத்துக்குத்தான் போனது. அடியில் கீல் வைத்து, செயின் பிளாக் போட்டு இழுத்தால் எழுந்து நிற்கிற, விட்டால் படுக்கிற மாதிரி உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்தோம். நாலு பக்கமும் இழுகம்பி. எங்கள் களிமண் கோடையில் பாறையாக இருக்கும், மழையில் குழைந்துவிடும், அதனால் இழுகம்பிக்கான கான்கிரீட் கட்டைகளை ஆளுயரக் குழியில் இறக்கினோம். பக்கத்து வயல்காரரிடம் முன்கூட்டியே பேசி, கம்பம் சாய்ந்தாலும் எங்கள் மனைக்குள்ளேயே விழும்படி இடம் பார்த்தோம். இடிக்கு எர்த் தனியாக.

வயரிங் பெரிய வேலை இல்லை. பேட்டரி நிறைந்துவிட்டால் மிச்சக் கரண்டை ஒரு ஹீட்டர் சுருளுக்குத் திருப்புகிற கன்ட்ரோலர் கட்டாயம், இல்லையென்றால் சுமை இல்லாமல் இறக்கை வெறித்தனமாகச் சுற்றும். இயந்திரத்திலிருந்து வருகிற மூன்று ஒயரையும் ஒன்றாக இணைக்கிற சுவிட்ச்தான் பிரேக். வீட்டை லைன் கரண்டிலிருந்து பிரித்து இதற்கு மாற்றுகிற நல்ல சேஞ்ச் ஓவர் சுவிட்சும் போடுங்கள். புயலுக்குப் பிறகு மின்கம்பத்தில் ஏறுகிற லைன்மேன் நம் வீட்டுக் கரண்டில் அடிபடக் கூடாது.

இப்போது சராசரியாக நாளைக்கு ஒரு யூனிட்டை ஒட்டி வருகிறது. ஆடியில் அதைவிடக் கூடுதல், பங்குனியில் சில நாள் ஒன்றுமே இல்லை. கார்த்திகை மழையில், சோலார் படுத்துக்கிடந்த ராத்திரிகளில், விளக்கும் ஃபேனும் இதில்தான் ஓடின. அம்மாவுக்கு மூச்சு இளைப்புக்கான நெபுலைசரும் இதில் ஓடியது, எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

உப்புக்காற்றுக்கு எல்லாப் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ், மழைக்கு முன் கிரீஸ். நாகை துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால், எத்தனையாம் எண் என்று பார்க்காமல் முதலில் பிரேக் போட்டுக் கம்பத்தைப் படுக்கவைத்துவிடுகிறோம். கஜா மாதிரி மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுகிற காற்றில் கம்பத்தைப் படுக்கவைக்காமல் நிற்கவிடலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

தஞ்சாவூர், கும்பகோணம் தெருக்களுக்குள் இருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன். செங்குத்தான அச்சில் சுற்றுகிற வகை நகரத்துக்கு ஏற்றது என்று விற்கிறார்கள். திசை மாறுகிற காற்றை அது தாங்கும், சரி, ஆனால் இல்லாத காற்றை எந்த வகையாலும் கொண்டுவர முடியாது. அங்கே 1 கிலோவாட் சோலார் நாளைக்கு 4 யூனிட் தரும், 2024 முதல் மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் இருக்கிறது. கடலோரத்தில் திறந்த வெளியில் இருப்பவர்கள் மட்டும் அளந்து பாருங்கள். எங்கள் காற்றுமானிகளைக் கோடியக்கரை பக்கம் ஒரு சொந்தக்காரர் வாங்கிப் போயிருக்கிறார், தை முடிந்ததும் திரும்பி வரும், அடுத்து யார் கேட்டாலும் தருகிறோம்.