அம்மாவின் கீமோ அளவைப் பாதியாக்கிய ரத்தச் சோதனை

பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, கீமோவுக்கு நாள் குறித்துக்கொண்டு காத்திருக்கும் வீட்டாருக்காக இதை எழுதுகிறேன். கேபசிடபின் மாத்திரையோ 5-எஃப்.யூ. ஊசியோ தொடங்குவதற்கு முன்னால் இந்த மருந்தை உடம்பு எப்படிக் கையாளும் என்று காட்டும் டி.பி.ஒய்.டி. என்ற ஜீன் சோதனையைக் கேட்டுச் செய்துவிடுங்கள். எங்கள் அம்மாவுக்குச் செய்தோம். அதில் வந்த முடிவைப் பார்த்துத்தான் மருந்தின் அளவையே மாற்றினார்கள்.

நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம். அம்மாவுக்கு வலது பக்கப் பெருங்குடலில் கட்டி. வெட்டி எடுத்து அனுப்பியதில் நிணநீர் முடிச்சுகளிலும் பரவியிருந்தது, மூன்றாம் நிலை என்றார்கள். கேபாக்ஸ் என்ற கூட்டுக் கீமோ கொடுக்க வேண்டும் என்று முடிவானது. முதல் நாள் ஆக்சாலிபிளாட்டின் டிரிப்ஸ், அன்றிலிருந்து 14 நாள் கேபசிடபின் மாத்திரை, பிறகு ஒரு வாரம் ஓய்வு. இப்படி 21 நாளுக்கு ஒரு சுற்று. அம்மாவின் உயரம், எடை பார்த்துக் கணக்குப் போட்டு, 500 மி.கி. மாத்திரை காலையில் மூன்று, இரவில் மூன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். வருகிற திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிடுங்கள் என்றார்கள்.

அந்த வாரம் பெரியம்மா மகள் லண்டனிலிருந்து பேசினாள். அங்கே நர்ஸாக இருக்கிறாள். மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "சித்திக்கு டி.பி.டி. பாத்தாச்சா?" மேலே சொன்ன டி.பி.ஒய்.டி. சோதனையைத்தான் அவள் அப்படிச் சொன்னாள். நான் அந்தப் பெயரையே அப்போதுதான் கேள்விப்படுகிறேன். "எங்க ஆஸ்பத்திரியில அந்த ரிசல்ட் கையில இல்லாம இந்த மாத்திரைய எழுதவே மாட்டாங்கடி. கேட்டுட்டு ஆரம்பி" என்றாள்.

கேட்டேன். ஆபரேஷன் செய்த மருத்துவமனையில் அதை வழக்கமாகச் செய்வதில்லை என்றார்கள். பக்கவிளைவு வந்தால் அப்போது அளவைக் குறைத்துக்கொள்ளலாம், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை என்றார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அம்மா அந்தப் பெரும்பாலானவர்களில் ஒருவரா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கும்போது, அதைப் பார்க்காமல் மாத்திரையைக் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கோப்பைத் தூக்கிக்கொண்டு திருச்சியில் இன்னொரு கேன்சர் டாக்டரிடம் போனோம். அவர் எல்லாவற்றையும் படித்துவிட்டு, "நல்லதுதான் கேட்டீங்க, பாத்துட்டே ஆரம்பிப்போம்" என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் அதற்கும் எதிர்ப்பு. கட்டியை எடுத்து இத்தனை நாள் ஆகிவிட்டது, இன்னும் தள்ளிப்போடுவதா என்று மாமா சத்தம் போட்டார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. அதனால் டாக்டரிடமே நேராகக் கேட்டோம். ஆபரேஷனிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கிவிட்டால் போதும், ஒரு வாரம் பத்து நாளில் ரிசல்ட் வந்துவிடும், அதற்காகக் காத்திருப்பதில் நஷ்டமில்லை என்றார். ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் ரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்றெல்லாம் எதுவும் இல்லை. சென்னைக்கு அனுப்பினார்கள். எங்கள் காப்பீட்டில் இது வரவில்லை. சில ஆயிரம் ரூபாய் கைக்காசுதான் போட்டோம்.

காத்திருந்த நாட்களில் டாக்டர் விளக்கியதை அவர் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். கேபசிடபின் உடம்புக்குள் போய் 5-எஃப்.யூ.வாக மாறுகிறது. 1957-இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹைடல்பெர்கர் குழு உருவாக்கிய மருந்து அது. இன்றும் குடல் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அதுதான் அடித்தளம். உள்ளே போகிற 5-எஃப்.யூ.வில் 80 சதவீதத்துக்கும் மேல் கல்லீரலில் டி.பி.டி. என்ற நொதியால் சிதைந்து வெளியே போய்விடுகிறது. மிச்சம் இருப்பதுதான் புற்றுநோய் செல்லைத் தாக்குகிறது. அந்த நொதியைச் செய்யச் சொல்லும் ஜீன்தான் டி.பி.ஒய்.டி. அதில் பழுது இருந்தால் நொதி குறையும், மருந்து சிதையாமல் ரத்தத்திலேயே தேங்கும். எங்களைப் பார்த்து, "நீங்க விவசாயக் குடும்பம்தானே, ஏரிக்குத் தண்ணி வந்துக்கிட்டே இருக்கு, கலிங்கு அடைஞ்சுபோச்சுன்னா என்ன ஆகும்?" என்று கேட்டார். அப்பா, "கரை உடைஞ்சிரும்" என்றார். அதற்கு மேல் அப்பாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கரை உடைவது என்றால் வாய் முழுக்கப் புண், நிற்காத வயிற்றுப்போக்கு, வெள்ளை அணுக்கள் சரிந்து காய்ச்சல். பெரும்பாலும் முதல் சுற்றிலேயே வந்துவிடும், உயிரே போகவும் கூடும். இதற்கு முறிவு மருந்து ஒன்று உண்டு. யூரிடின் ட்ரைஅசிடேட் என்று பெயர், 2015-இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். கடைசி டோஸிலிருந்து 96 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். நம் ஊர் மருந்துக்கடையில் போய் வாங்கிவரக்கூடிய பொருள் அல்ல அது. முன்கூட்டியே சோதிப்பது நமக்கு இன்னும் முக்கியமாகிறது என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பிரான்சில் 2018-இலேயே சிகிச்சைக்கு முன் சோதிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஐரோப்பிய மருந்து முகமை 2020 ஏப்ரலில் அதே பரிந்துரையைத் தந்தது.

ரிப்போர்ட் வந்தது. "ஹெட்டரோசைகஸ், ஹேப்-பி3, இன்டர்மீடியட் மெட்டபொலைசர், ஆக்டிவிட்டி ஸ்கோர் 1.5." முதல்முறை பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும், அதனால் இதை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு ஜீனும் நம்மிடம் இரண்டு பிரதி உண்டு, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. பழுதில்லாத பிரதிக்கு மதிப்பெண் 1. இரண்டும் சரியாக இருந்தால் மொத்தம் 2. ஹேப்-பி3 என்ற மாற்றம் இருக்கும் பிரதி பாதி வேலைதான் செய்யும், அதற்கு 0.5. எங்கள் அம்மாவுக்கு ஒரு பிரதி சரி, இன்னொன்றில் ஹேப்-பி3. ஆக 1.5. ஒரு பிரதியில் மட்டும் மாற்றம் இருப்பதைத்தான் ஹெட்டரோசைகஸ் என்கிறார்கள், நொதி நடுத்தரமாக வேலை செய்வதை இன்டர்மீடியட் மெட்டபொலைசர் என்கிறார்கள். ஸ்டார் 2ஏ என்று இன்னொரு மாற்றம் இருக்கிறது, அது வந்தால் அந்தப் பிரதி வேலையே செய்யாது, மதிப்பெண் சுழியம். இரண்டு பிரதியும் போனவர்களுக்கு இந்த மருந்தையே கொடுக்கக் கூடாது. மிக அரிதாகத்தான் அப்படி வரும்.

1.5 என்றால் வழக்கமான அளவில் பாதியில் தொடங்கி, உடம்பு தாங்குவதைப் பார்த்து ஏற்ற வேண்டும் என்பது டாக்டர்கள் பின்பற்றும் வழிகாட்டுதல். காலையில் மூன்று, இரவில் மூன்று என்று இருந்தது காலையில் இரண்டு, இரவில் ஒன்று என்று ஆனது. ஆக்சாலிபிளாட்டினைக் குறைக்கவில்லை. அது வேறு வழியில் வெளியேறும் மருந்து, அதற்கு இப்படி அளவு சொல்லக்கூடிய நம்பகமான ஜீன் சோதனை நடைமுறையில் இல்லை என்றார்.

பாதி மருந்தில் நோய் போகுமா என்று அம்மா கேட்டாள். எல்லார் மனதிலும் இருந்த கேள்விதான். நொதி குறைவாக இருப்பவருக்குப் பாதி மாத்திரையே ரத்தத்தில் மற்றவர்களின் முழு அளவுக்கு நெருங்கி நிற்கலாம், அதனால் உங்களுக்குக் குறைத்துக் கொடுக்கிறோம் என்று நினைக்காதீர்கள், உங்களுக்கான அளவைத் தேடுகிறோம் என்று டாக்டர் சொன்னார். அம்மா அதன் பிறகு மாத்திரையை ஒரு வேளை தவறவிடவில்லை. சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால் இட்லித் தட்டுப் பக்கத்திலேயே மாத்திரை டப்பா இருக்கும். ரத்த விருத்திக்கென்று முன்பு சாப்பிட்டுவந்த ஃபோலிக் ஆசிட் மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். அது 5-எஃப்.யூ.வின் வேகத்தைக் கூட்டிவிடுமாம். வீட்டில் இருக்கும் சத்து மாத்திரை எதுவானாலும் அட்டையோடு டாக்டரிடம் காட்டுங்கள்.

முதல் சுற்று அமைதியாகப் போனது. ஆக்சாலிபிளாட்டினால் குளிர்ச்சி மட்டும் ஆகவில்லை. விடியற்காலையில் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரலெல்லாம் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீர் என்றது. எவர்சில்வர் டம்ளரைத் துணி சுற்றித்தான் பிடித்தாள். ரத்த எண்ணிக்கை நன்றாக இருந்ததால் அடுத்த சுற்றில் காலை இரண்டு, இரவு இரண்டு என்று ஏற்றினார்கள். அதையும் தாங்கினாள். ஆனால் போகப்போக உள்ளங்கையும் பாதமும் சிவந்து, தோல் உரிய ஆரம்பித்தது. கேபசிடபினுக்கு இது வழக்கமான பக்கவிளைவு. ஒருநாள் ரேஷன் கடையில் கருவி அம்மாவின் கைரேகையை எடுக்கவே இல்லை. எந்த விரலை வைத்தாலும் விழவில்லை. விரல் நுனியைத் திருப்பிப் பார்த்தால் ரேகை மழுங்கி வழவழவென்று இருந்தது. கார்டில் அப்பா பெயரும் இருந்ததால் அவர் விரலை வைத்து அரிசி வாங்கினோம். பென்ஷனுக்கு ஆயுள் சான்று கொடுக்க வேண்டியவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் யூரியா கிரீம் எழுதித் தந்து, அளவை அதற்கு மேல் ஏற்றாமல் அங்கேயே நிறுத்தினார். அதே அளவில் எல்லாச் சுற்றுகளும் முடிந்தன.

எங்களைப் போலக் குழம்பாமல் இருக்க இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களிடம் இரண்டு ஜீன் ரிப்போர்ட் இருந்தது, இரண்டும் வேறு வேறு. டி.பி.ஒய்.டி. நாம் பிறந்தபோதே கொண்டுவந்தது, ரத்தத்தில் பார்ப்பது, மருந்தை உடம்பு எப்படிக் கையாளும் என்று சொல்வது. இன்னொன்று கட்டியைப் பற்றியது. அதற்கு பேத்தாலஜியில் கட்டித் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கை வாங்கிக் கொடுக்க வேண்டும். கே-ராஸ், என்-ராஸ், பி-ராஃப் என்ற ஜீன்களைப் பார்ப்பதெல்லாம் அந்த வகை. மற்ற உறுப்புகளுக்குப் பரவியவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்குக் கட்டியில் கே-ராஸ் மாற்றம் இருக்கும். அவர்களுக்கு செடுக்சிமாப் ஊசி பலன் தராது, விலையும் அதிகம். ஜீனில் வரும் பிழையைத் திருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும் எம்.எம்.ஆர். பரிசோதனையும் கட்டியில் செய்வதுதான். அதில் குறைபாடு வந்தால் லின்ச் என்ற பரம்பரை நோயா என்று மேற்கொண்டு பார்ப்பார்கள். எங்களுக்கு அது இயல்பாக வந்தது. தங்கைக்கு வரன் பார்க்கும் நேரத்தில் ஜீனில் பழுது என்று யார் காதிலாவது விழுந்துவிடுமோ என்று சித்தப்பா தவித்தார். டி.பி.ஒய்.டி. மாற்றத்தால் புற்றுநோய் வருவதில்லை, இந்த மருந்து உள்ளே போனால்தான் அது தொந்தரவு செய்யும் என்று டாக்டர் அவரை உட்கார வைத்துச் சொன்ன பிறகுதான் அடங்கினார்.

கீமோ அறையில் பக்கத்துக் கட்டிலில் இருந்த ராமநாதபுரத்து அண்ணனுக்கு ஐரினோட்டிகன் என்ற வேறொரு கீமோ மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அந்த மருந்துக்கு யு.ஜி.டி.1ஏ1 என்று வேறு ஜீன். அதில் ஸ்டார் 28 என்ற மாற்றம் இரண்டு பிரதியிலும் இருப்பவர்களுக்கு வெள்ளை அணு அதிகமாகச் சரியும். 2005-லிருந்தே அமெரிக்காவில் மருந்தின் குறிப்பேட்டில் எச்சரிக்கை இருக்கிறது. கல்லீரலில் கோளாறு இல்லாமலே பிலிரூபின் மட்டும் எப்போதும் கொஞ்சம் கூடியிருக்கும் ஆட்கள் ஐரினோட்டிகனுக்கு முன் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

டி.பி.ஒய்.டி. ரிசல்ட் நார்மல் என்று வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. வழக்கமாகப் பார்க்கும் நான்கு மாற்றங்களும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி நோயாளிகளிடம் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தவை. நம்மிடம் இருக்கக்கூடிய வேறு மாற்றங்கள் அந்த நான்கில் அடங்காமல் போகலாம். லேபில் எத்தனை மாற்றங்கள் பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள், கூடுதலாகப் பார்க்கும் இடம் கிடைத்தால் அங்கே கொடுங்கள். நார்மல் என்று வந்தாலும் முதல் சுற்றில் வாய்ப்புண்ணோ வயிற்றுப்போக்கோ மிஞ்சினால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

அம்மா இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் சி.இ.ஏ. ரத்தச் சோதனை செய்துவருகிறாள். விரல் நுனியில் மரத்துப்போனது இன்னும் முழுசாகப் போகவில்லை, பூ கட்டும்போது நார் நழுவுகிறது என்கிறாள். அவளுடைய மாற்றம் எனக்கும் தங்கைக்கும் தனித்தனியே வந்திருக்க ஐம்பது சதவீதம் வாய்ப்பு உண்டு. மாமாவுக்கும் இருக்கலாம். இதே 5-எஃப்.யூ.வை வயிறு, மார்பகம், தலை கழுத்துப் புற்றுநோய்களுக்கும் கொடுக்கிறார்கள். அதனால் ரிப்போர்ட்டை நகல் எடுத்து ஆளுக்கொன்று வைத்திருக்கிறோம். மாமா தன்னுடையதை லேமினேட் செய்து ஆதார் கார்டோடு வைத்திருக்கிறார்.